வளைந்த படத்தை நேராக்குவோம்
பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் முறை

ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புற வீடுகளில், துணி அலமாரியின் மேல்தட்டிலோ தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழோ, பழைய வீடியோ நாடாக்கள் சில இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மூத்த மகளின் திருமணம், மாரியம்மன் கோவில் தீமிதித் திருவிழா, தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழா, தாத்தாவின் அறுபதாம் கலியாணம் என்று அவற்றின் முதுகில் ஒட்டிய தாளில் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். அந்நாடாக்களில் தோன்றும் பெரியவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. சிலவற்றில் காணப்படும் லயங்களும் இன்று இல்லை. ரப்பர் நின்ற நிலங்களிற் பல செம்பனைக்கு மாறிவிட்டன. வேறு பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆகவே, ஒரு தோட்டம் எவ்வாறு இருந்தது என்பதற்கு அசையும் சான்றாக எஞ்சியிருப்பது சில வேளைகளில் அந்த ஒரு நாடாவே ஆகும்.

இந்நாடாக்களைக் கணினிக்கு மாற்றிப் பாதுகாக்க நம் இளைஞர்கள் பலர் இப்போது முன்வருகின்றனர். ஆனால் நாடாவை ஓடவிட்டதும் அவர்கள் திகைத்து நிற்கின்றனர். மணமக்களின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றில் ஆடும் கொடிபோல் அசைகிறது. பந்தற்கால்கள் பாம்புபோல் நெளிகின்றன. படத்தின் அடிப்பகுதியில் ஒரு பட்டை கொதிநீர்போல் கொந்தளிக்கிறது. இதைக் கண்டு, "நாடா கெட்டுவிட்டது" என்று தூக்கி எறிபவர்களும் உண்டு. "எப்படியாவது கணினிக்குள் போகட்டும், பிறகு அங்கே சரிசெய்து கொள்ளலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. இவ்விரண்டும் தவறான முடிவுகளே.

ரப்பர் வெட்டும் தொழிலாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மங்கிலேயே உறைந்துபோன பாலை, ஸ்டோரில் எத்துணைத் திறமை உடையவர் இருந்தாலும், முதல் தர ரப்பர் ஷீட்டாக ஆக்க முடியாது. பிழை எங்கு நேர்ந்ததோ அங்கேயே அது திருத்தப்பட வேண்டும். வீடியோ நாடாவும் அப்படித்தான். வளைந்து தோன்றும் படம் பெரும்பாலும் அழிந்துபோன படமன்று. நேரந்தவறி வந்து சேரும் படமாகும். கணினிக்குள் நுழையுமுன் அந்த நேரத்தை ஒழுங்குபடுத்திவிட்டால் படம் நேராகிவிடும். வளைந்தபடியே பதிவாகிவிட்டால் பின்னர் அதனை நேராக்குவது மிகவும் அரிது.

தோட்டத்திற்குப் படம் வந்த கதை

ஒரு காலத்தில் தகவல் இலாகாவின் வண்டி தோட்டத்திற்கு வரும். திடலில் வெள்ளைத் திரை கட்டப்படும். 1946-ஆம் ஆண்டில் மலாயாத் திரைப்படப் பிரிவு என்ற பெயரில் தொடங்கப்பட்டு, பின்னர் பிலெம் நெகாரா எனப் பெயர் பெற்ற நிறுவனம் தயாரித்த படங்கள் அத்திரைகளில் காட்டப்பட்டன. 1963 டிசம்பர் 28-ஆம் நாள் நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1978-ஆம் ஆண்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது.

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.எச்.எஸ். வகை வீடியோ நாடா, 1980-ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதுவரை பிறர் எடுத்த படத்தைப் பார்த்துவந்த நம் மக்கள், தங்கள் வீட்டு நிகழ்ச்சியைத் தாங்களே திரையில் காணும் நிலை ஏற்பட்டது. திருமணத்திற்குப் பட்டணத்திலிருந்து படம் பிடிப்பவரை அழைப்பதும், பின்னர் உறவினர் யாவரும் கூடி அமர்ந்து அந்நாடாவைப் பார்ப்பதும் வழக்கமாயின.

அந்தக் காலம் இப்போது முடிந்துவிட்டது. உலகில் வி.எச்.எஸ். இயந்திரங்களைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 சூலையில் அத்தயாரிப்பை நிறுத்தியது. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டின் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் நிறுத்தப்பட்டு, இலக்கவியல் ஒளிபரப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாக்களை மாற்றி முடிக்க 2025-ஆம் ஆண்டையே எல்லையாகக் கொள்ள வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. அந்த ஆண்டுடன் எல்லா நாடாக்களும் அழிந்துவிடும் என்பது அதன் பொருளன்று. நாடாவை ஓட்டும் இயந்திரமும், அதற்கான உதிரிப்பாகமும், பழுதுபார்க்கத் தெரிந்தவரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதே அதன் பொருள்.

நாடாவினுள் படம் இருக்கும் விதம்

வி.எச்.எஸ். நாடா 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் பட்டையாகும். அதன்மேல் காந்தத் தூள் பூசப்பட்டிருக்கும். மூன்று மணி நேர நாடாவின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர்.

இயந்திரத்தினுள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள பளபளப்பான உருளை ஒன்று சாய்வாக நிறுத்தப்பட்டிருக்கிறது. நம் நாட்டு முறையில் அது விநாடிக்கு 25 முறை சுழலும். அவ்வுருளையில் எதிரெதிராக இரண்டு சிறு காந்த முனைகள் உண்டு. பழுதுபார்ப்போர் இவற்றை ஹெட் என்பர். ஒவ்வொரு முனையும் நாடாவின் குறுக்கே சாய்வாக ஒரு தடத்தை வரைகிறது. ஒரு தடத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே ஆகும். பட்டையில் வெட்டுச் சாய்வாகச் செல்வதுபோல் நாடாவிலும் தடம் சாய்வாகச் செல்கிறது என்று கருதிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தடத்திலும் அரைப்படம் இருக்கிறது. ஒரு முழுப்படம் 625 கோடுகளால் ஆனது. ஒரு முனை ஒற்றைவரிசைக் கோடுகளையும், மறுமுனை இரட்டைவரிசைக் கோடுகளையும் தருகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுப்படம். விநாடிக்கு 50 அரைப்படங்கள், அதாவது 25 முழுப்படங்கள் ஓடுகின்றன. இம்முறைக்கு பி.ஏ.எல். என்று பெயர். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் வழங்கியது இம்முறையே. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்.டி.எஸ்.சி. என்ற வேறொரு முறை வழங்கியது. அதில் 525 கோடுகளும் விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்களும் உண்டு.

பிரட்டு மணியும் படத்தின் கோடும்

படம் ஏன் வளைகிறது என்பதற்கு இப்போது வருவோம். ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஒரு குறிப்பு பதிவாகியிருக்கும். "இங்கே புதிய கோடு தொடங்குகிறது" என்று தொலைக்காட்சிக்கு அறிவிக்கும் குறிப்பு அது. விடியற்காலையில் பிரட்டுக்கு அடிக்கப்படும் மணியைப் போன்றது. மணி நேரத்தோடு அடித்தால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மணி முன்னும் பின்னுமாக அடித்தால் வரிசை கலைந்துவிடும்.

ஒரு கோட்டிற்கு உரிய நேரம் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 64 பங்கே. அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு 52 பங்கு. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையில், குறிப்பு ஒரே ஒரு பங்கு தாமதித்து வந்தாலும், அக்கோடு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அடுத்த கோடு வேறோர் அளவு தள்ளி நிற்கும். இவ்வாறு நூற்றுக்கணக்கான கோடுகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதால்தான் நேரான பந்தற்கால் நெளிந்து தோன்றுகிறது.

நாடா சிறிதளவு நீண்டிருந்தாலும், சுருங்கியிருந்தாலும், இயந்திரம் அதனை இழுக்கும் வலு பதிவின்போது இருந்த வலுவிலிருந்து மாறுபட்டிருந்தாலும் இந்த நேரப்பிழை உண்டாகும். துத்தநாகக் கூரையின் வெப்பத்தில் பல ஆண்டுகள் கிடந்த நாடா இத்தகைய மாற்றங்களுக்கு உள்ளாவதில் வியப்பில்லை.

தலைப்பகுதி மட்டும் வளைவதற்குத் தனிக்காரணம் உண்டு. ஒரு முனை தன் அரைப்படத்தை முடித்து மறுமுனை தொடங்கும் இடம் படத்தின் அடிக்கோடிக்குச் சற்று முன்னர் வருகிறது. இழுப்பு வலு மாறியிருந்தால் அந்த இடத்தில் நேரம் சட்டென்று தாவிவிடும். தாவிய நேரத்தைப் பின்பற்றிச் சமநிலைக்கு வருவதற்குள் அடுத்த அரைப்படத்தின் முதற்கோடுகள் வந்துவிடுகின்றன. ஆகவே மேற்பகுதி வளைகிறது. அடிப்பகுதியில் காணும் கொந்தளிப்புப் பட்டையும் முனைகள் மாறும் அதே இடத்தின் தடயம்தான். அது எல்லா வி.எச்.எஸ். நாடாக்களிலும் உண்டு. அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் சட்டத்திற்குள் அது மறைந்திருந்தமையால் நாம் அதனைக் காணவில்லை.

"அதே நாடா பழைய தொலைக்காட்சியில் நன்றாகத்தானே ஓடியது?" என்று சிலர் வினவலாம். கண்ணாடிக் குழாய் பொருத்திய பழைய தொலைக்காட்சிகள், சிறிது முன்பின்னாக வரும் குறிப்பையும் பின்பற்றி ஓடும் வகையில் அமைக்கப்பட்டவை. கணினி அப்படிப்பட்டதன்று. அதனுடன் இணைக்கப்படும் கருவி ஒவ்வொரு கோட்டையும் குறித்த நேரத்தில் எதிர்பார்க்கிறது. நேரம் தவறினால் சில படங்களைக் கைவிட்டுவிடுகிறது. அதனால் படம் துண்டு துண்டாகிறது. ஒலி ஒரு பக்கமும் உதட்டசைவு ஒரு பக்கமுமாகப் பிரிகின்றன.

கோளாற்றை இனங்காணுதல்

எல்லாக் கோளாறும் நேரப்பிழையன்று. மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும்.

தலைப்பகுதி சாய்வதும், பக்க ஓரங்கள் நெளிவதும் நேரப்பிழையின் அடையாளங்கள்.

படத்தின் குறுக்கே ஒரு புள்ளிப்பட்டை மேலும் கீழும் நகர்ந்தால், காந்த முனை தன் தடத்தை விட்டு விலகி ஓடுகிறது என்று பொருள். இயந்திரத்திலுள்ள டிராக்கிங் பொத்தானை மெதுவாக மாற்றி, பட்டை திரைக்கு வெளியே செல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நாடாவிற்கும் இதனைத் தனித்தனியே செய்தல் வேண்டும்.

படம் முழுவதும் பனி பெய்வதுபோல் வெண்மையானால், காந்த முனையில் அழுக்கு அடைத்துக்கொண்டது எனலாம். முன்பு நன்றாக ஓடிய வேறொரு நாடாவும் அவ்வாறே தோன்றினால் ஐயமே இல்லை, குற்றம் இயந்திரத்தினுடையது.

ஆங்காங்கே வெண்கோடுகள் மின்னி மறைந்தால், அவ்விடங்களில் காந்தத் தூள் உதிர்ந்துவிட்டது. அங்கிருந்த படம் போனது போனதே. அண்மையிலுள்ள கோடுகளைக் கொண்டு அவ்விடத்தை மறைக்கலாம், மீட்க இயலாது.

படம் நிறமிழந்து மேலும் கீழும் உருண்டோடினால், அந்நாடா வெளிநாட்டு உறவினர் அனுப்பிய என்.டி.எஸ்.சி. நாடாவாக இருக்கலாம். அம்முறையையும் ஓட்டவல்ல இயந்திரம் தேவைப்படும்.

கடையில் வாங்கிய திரைப்பட நாடாக்களில் படம் விட்டு விட்டு ஒளிர்ந்தும் இருண்டும் தோன்றினால், அது படியெடுப்பதைத் தடுக்க வைக்கப்பட்ட பாதுகாப்பாகும். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அத்தகைய படங்களின் உரிமை அவற்றின் உரிமையாளருக்கே உரியது. இக்கட்டுரை நம் குடும்ப, கோவில், பள்ளி நாடாக்களைப் பற்றியதே ஆகும்.

முதலில் நாடா, பின்னர் இயந்திரம்

நாடாவை இயந்திரத்தில் இடுவதற்கு முன் அதன் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட வேண்டும். அது உடைந்திருந்தால் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. எத்தனையோ திருமணங்கள் ஒரு பொத்தானின் தவற்றால் அழிந்திருக்கின்றன.

அடுத்து, நாடாவின் சன்னல் வழியே உள்ளே பார்க்க வேண்டும். சுருளின்மேல் வெண்பொடியோ நூல்போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். ஈரக்காற்று மிகுந்த நம் நாட்டில் இது பரவலான நோய். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஒருபோதும் அப்படியே ஓட்டக்கூடாது. அது காந்த முனையை அடைப்பதோடு அடுத்து இடும் நல்ல நாடாக்களிலும் ஒட்டிக்கொள்ளும். அதன் தூளைச் சுவாசிப்பதும் நல்லதன்று. அத்தகைய நாடாவைப் பைக்குள் தனியே வைத்து, அனுபவமுள்ளவரிடம் கொடுத்துத் தூய்மை செய்விக்க வேண்டும்.

ஜொகூர் மக்கள் வெள்ளத்தையும் நன்கறிவர். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி, செகாமட் வட்டாரங்களிலும், 2023 மார்ச்சில் செகாமட், பத்து பகாட் வட்டாரங்களிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தில் நனைந்த நாடாவை வெயிலில் காயவைப்பதும், முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டுவதும் அதனைக் கெடுத்துவிடும். சேறு காயுமுன் சுத்தமான நீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலச வேண்டும். பெட்டியின் ஐந்து திருகாணிகளைக் கழற்றிச் சுருளை வெளியே எடுத்து, நிழலில் காற்றோட்டத்தில் முற்றிலும் உலரவிட வேண்டும். பெட்டி கெட்டிருந்தால், தேவையற்ற ஒரு நாடாவின் பெட்டியில் சுருளை மாற்றிப் பொருத்தலாம்.

நல்ல நிலையிலுள்ள நாடாவையும் முதலில் ஒரு முறை முழுவதுமாக முன்னே ஓட்டிப் பின்னே சுற்ற வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே நிலையில் இறுகிக் கிடந்த சுருள் இதனால் சீராகும். தலைப்பகுதி வளைவு சில நாடாக்களில் இதனாலேயே குறைந்துவிடும்.

இயந்திரத்தைத் தூய்மை செய்யும்போது மிகுந்த கவனம் வேண்டும். ஐசோபுரொபைல் மதுசாரத்தில் தோய்த்த, நூல் பிரியாத மென்தோல் துண்டை உருளையின்மேல் மெல்ல ஒற்றிப் பிடித்துக்கொண்டு, உருளையை மட்டும் கையால் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் காந்த முனை ஒடிந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பயன்படுத்தக்கூடாது. அதன் நூல் முனையில் சிக்கிக்கொள்ளும். பழக்கமில்லாதவர்கள் மின்சார இணைப்பை நீக்கிவிட்டு, பட்டணத்திலுள்ள மூத்த பழுதுபார்ப்பவரிடம் இயந்திரத்தை ஒப்படைப்பதே நல்லது. நாடாவை இழுக்கும் வலுவைச் சரிசெய்யும்படியும் அவரிடம் கேட்கலாம். ஓர் இயந்திரத்தில் வளையும் நாடா மற்றோர் இயந்திரத்தில் நேராக ஓடுவதும் உண்டு. ஆதலால் அக்கம்பக்கத்தாரிடம் உள்ள இயந்திரங்களிலும் ஓட்டிப் பார்ப்பது பயனுடையது.

நேரத்தை ஒழுங்குபடுத்தும் கருவி

இவ்வளவும் செய்த பின்னரும் எஞ்சியிருக்கும் நெளிவைப் போக்குவதற்கென்றே ஒரு கருவி உண்டு. டைம் பேஸ் கரெக்டர் என்பது அதன் பெயர். நேர ஒழுங்குக் கருவி என்று நாம் அழைக்கலாம். முன்பின்னாக வரும் ஆட்களை வாசலில் சிறிது நேரம் நிறுத்திவைத்து, பிறகு சரியான இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பும் கங்காணியின் வேலையை அது செய்கிறது. கோடுகளைத் தன் நினைவகத்தில் ஒரு கணம் தாங்கி, ஒரே சீரான நேரத்தில் வெளியே விடுகிறது. அப்போது பந்தற்கால் நேராகிறது.

இக்கருவியில் இருவகை உண்டு. ஒருவகை ஒவ்வொரு கோட்டையும் ஒழுங்குபடுத்தும். நெளிவுக்கு இதுவே மருந்து. மற்றொருவகை முழுப்படங்களின் வரிசையை ஒழுங்குபடுத்தும். படங்கள் விடுபடுவதற்கும் ஒலி பிரிவதற்கும் அது மருந்து. வாங்குபவர் எது தமக்குத் தேவை என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

எஸ்.வி.எச்.எஸ். எனப்படும் உயர்தர இயந்திரங்கள் சிலவற்றில் கோடுகளை ஒழுங்குபடுத்தும் பகுதி உள்ளேயே அமைந்திருக்கும். தனிக்கருவியின் விலை மிகுதி. அதனை வாங்க இயலாதோர்க்கு மாற்றுவழி ஒன்றுண்டு. 2005-ஆம் ஆண்டளவில் விற்பனையான டிவிடி பதிவு இயந்திரங்கள் சில, தம் வழியே செல்லும் படத்தின் கோடுகளை ஒழுங்குபடுத்தி அனுப்பும் இயல்புடையவை. பானசோனிக் நிறுவனத்தின் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10 இதற்குப் பெயர்பெற்றது. வீடியோ இயந்திரத்திற்கும் கணினிக்கும் இடையில் அதனை இணைத்தால் போதும். அதில் எதையும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. எவரேனும் பழைய டிவிடி பதிவு இயந்திரத்தைக் குப்பையில் போடுவதாகச் சொன்னால், அதனைக் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அண்மை ஆண்டுகளில் மற்றொரு முறையும் தோன்றியுள்ளது. காந்த முனையிலிருந்து வரும் மூலச் சமிக்ஞையையே, படமாக உருப்பெறுவதற்கு முன்னர், கணினிக்குள் வாங்கி, நேரத்தை மென்பொருளால் ஒழுங்குபடுத்துவது அம்முறை. வி.எச்.எஸ்.-டிகோட் என்ற இலவச மென்பொருள் இதனைச் செய்கிறது. இதற்காக இயந்திரத்தைத் திறந்து கம்பி இணைக்க வேண்டியிருப்பதால், மின்னியல் பயின்ற இளைஞர்களுக்கே இது ஏற்றது. இங்கும் கொள்கை மாறவில்லை; படம் உருவாகுமுன்பே நேரம் திருத்தப்படுகிறது.

கணினியில் செய்ய வேண்டியவை

இயந்திரத்தின் வானலைக்கம்பித் துளையிலிருந்து படத்தை எடுக்கக்கூடாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளைப் பயன்படுத்த வேண்டும். இயந்திரத்தில் எஸ்-வீடியோ துளை இருந்தால் படத்திற்கு அதுவே சிறந்தது; ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பிகளில் செல்வதால் தெளிவு கூடும்.

கணினியோடு இணைக்கும் கேப்சர் கருவியை பி.ஏ.எல். முறைக்கு அமைத்து, குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 கோடு, விநாடிக்கு 25 படம் என்ற அளவில் பதிவு செய்ய வேண்டும். வெர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருள் இப்பணிக்கு உதவும். மூலப்பதிவைச் சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 75 கிகாபைட் இடம் தேவைப்படும். தரம் இழக்காமல் சுருக்கும் முறைகள் அதனை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். இடத்தை மிச்சப்படுத்த எண்ணித் தொடக்கத்திலேயே மிகுதியாகச் சுருக்கிவிட்டால், பின்னர் எத்திருத்தமும் நன்றாக அமையாது.

மூலப்பதிவு முடிந்ததும் அதனைத் தொடாமல் ஓரிடத்தில் வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டுமே திருத்தங்களைச் செய்ய வேண்டும்.

முதல் திருத்தம் சீப்புப்பல் போன்ற கோடுகளை நீக்குவது. நாதஸ்வரக்காரரின் விரல் அசையும்போது ஓரங்கள் சீப்பின் பற்கள்போல் பிளவுபட்டுத் தெரிந்தால், அது நாடாவின் குற்றமன்று. இரண்டு அரைப்படங்களும் ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. கணினி இரண்டையும் ஒருசேரக் காட்டுவதால் அவ்வாறு தோன்றுகிறது. ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் முதலிய இலவச மென்பொருள்கள் அரைப்படங்களைப் பிரித்து, விநாடிக்கு 50 முழுப்படங்களாக மாற்றும். 25 படங்களாக மாற்றினால் அசைவின் மென்மை பாதி போய்விடும். அசைவுகள் முன்னும் பின்னுமாகத் துள்ளினால், அரைப்படங்களின் வரிசை மாறிவிட்டது; மென்பொருளில் அவ்வரிசையை மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது திருத்தம் அடிப்பட்டையை மறைப்பது. கொந்தளிக்கும் அந்தச் சில கோடுகளின்மேல் கறுப்பு நிறம் இட்டால் போதும்.

மூன்றாவது, படத்தின் வடிவம். பழைய படங்கள் 4-க்கு 3 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகன்ற திரையை நிரப்புவதற்காக அவற்றை இழுத்தால் மணமகள் பருத்தும் குட்டையாகவும் தோன்றுவாள். இருபுறமும் கறுப்பு இடம் இருக்கட்டும், அதில் குறையொன்றுமில்லை.

செயற்கை நுண்ணறிவு கொண்டு மங்கிய முகங்களைத் தெளிவாக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. அவற்றை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். நாடாவில் இல்லாத நுணுக்கத்தை அவை ஊகித்தே வரைகின்றன. பாட்டியின் மங்கிய முகம் தெளிவாகும். ஆனால் அது பாட்டியின் முகமாக இராமற்போகலாம். விளையாட்டுக்காகச் செய்வதானால் தனிப்பிரதியில் செய்யலாம். காப்பதற்குரியது மங்கலானாலும் உண்மையான முகமே.

கூடிச் செய்வோம்

இப்பணியை ஒவ்வொரு வீடும் தனித்தனியே செய்வது கடினம். ஒரு தோட்டத்திற்கு, அல்லது ஒரு வட்டாரத்திற்கு, நன்கு பழுதுபார்க்கப்பட்ட ஓர் இயந்திரமும், ஒரு நேர ஒழுங்குக் கருவியும், ஒரு கணினியும் இருந்தால் போதும். கோவில் நிர்வாகமும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், இளைஞர் மன்றமும் கூடினால் செலவு பகிரப்படும், அறிவும் பகிரப்படும். கணினிப் பயிற்சி இல்லாதோர், தங்கள் வட்டாரத்தில் இணைய மையம் இருந்தால் அங்குள்ள பணியாளர்களின் உதவியை நாடலாம். நாடா ஒருமுறைதான் நன்றாக ஓடும் என்று எண்ணிச் செயற்படுவது நல்லது. எனவே முக்கியமில்லாத நாடா ஒன்றில் பழகிய பின்னரே திருமண நாடாவைத் தொட வேண்டும்.

மாற்றி முடித்த பதிவுகளைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். ஒன்று வீட்டிலும் மற்றொன்று வேறோர் ஊரில் உள்ள உறவினரிடமும் இருந்தால் வெள்ளமோ தீயோ இரண்டையும் ஒருசேர அழிக்காது. பழைய நாடாவையும் எறிந்துவிடக் கூடாது. சூடும் ஈரமும் இல்லாத இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

இறுதியாக, எந்தக் கருவியாலும் செய்ய இயலாத ஒரு திருத்தம் உண்டு. நேராகிய படத்தை ஒருநாள் மாலை மூத்தவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். பந்தியில் பரிமாறுபவர் யார், கரகம் எடுத்தவர் யார், பின்னால் தெரியும் லயம் எது, அந்த நிரையில் பால் வெட்டியவர் யார் என்று அவர்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம் நேராக இருந்தும், அதிலுள்ளவர் யாரென்று சொல்ல ஒருவரும் இல்லாமற்போனால், அந்த நாடாவைக் காத்ததில் பாதிப் பயனே உண்டு. இயந்திரத்திற்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாகிவருகிறது. பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் அதனினும் அரியவர்கள். இரண்டும் உள்ளபோதே இப்பணியைத் தொடங்குவது நம் கடமையாகும்.